ஊதினது ஊதினதுதான்

பதினைந்து வயது வரை அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. பட்டாசு என்றால்தான் தெருவுக்கே தெரியும். யாராவது ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பதாகத் திருப்பிக் கொடுப்பாள். வாய் ஓய்ந்தால் கை நீளும். தையல் கடை வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடி ஓடியே அம்மாவுக்குச் செருப்பு தேய்ந்தது. சண்டை இல்லாத நாளில் நகத்தைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தே கிடப்பாள். அம்மாவுக்கு அதுதான் அதிகப் பயம்.

சின்னப் பிள்ளைகளின் கால்பந்துக்கு நடுவர் கிடைக்காமல் மைதானப் பொறுப்பாளர் திண்டாடியபோது, "நான் ஊதறேன்" என்று முன்னால் வந்து நின்றாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "ஊது. ஆனா ஒரே ஒரு சண்டை போட்டாலும் விசிலைக் கழட்டிக் கொடுத்துட்டுப் போயிடணும்."

சண்டைக்காரி பஞ்சாயத்து பண்ணுவதா என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். விதிகள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடாயின. எழுப்பாமலே காலையில் எழுந்தாள். பல்லுக்கிடையில் விசில் இருந்ததால் நகம் வளர்ந்தது. படுத்தால் அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள்.

கோப்பைப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் ஒரு பக்கம் அவளுடைய தம்பி. ஜெயித்தால்தான் அவர்களுக்குக் கோப்பை, ஆட்டமோ சமநிலை. முடியப் போகிற நேரத்தில், பந்தோடு பாய்ந்த தம்பியை ஒருவன் தள்ளிவிட்டான். அவளுக்குச் சுரீரென்றது, ஊதிவிட்டாள். விழுந்துகொண்டே தம்பி உதைத்த பந்து வலைக்குள் போய்ச் சேர்ந்தது. விசில் ஊதினால் ஆட்டம் நின்றது என்று அர்த்தம். அதற்குப் பிறகு போவது கோல் ஆகாது. கொஞ்சம் பொறுத்திருந்தால் தம்பி ஜெயித்திருப்பான்.

தம்பி அணிப் பையன் ஒருவனின் அப்பா கோட்டைத் தாண்டி வந்து கத்தினார். "சின்னப் பொண்ணு கையில விசிலைக் கொடுத்தா இப்படித்தான்!"

ஒன்பது வார்த்தையும் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. வேலியோரம் பொறுப்பாளர் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழுங்கினாள். "அவசரப்பட்டு ஊதிட்டேன், சார். தப்பு என்னோடதுதான். ஆனா ஊதினது ஊதினதுதான். கோல் கிடையாது, ஃப்ரீ கிக். நீங்க கோட்டுக்கு வெளியே போங்க."

ஃப்ரீ கிக் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. கோப்பை போயிற்று.

"நீயெல்லாம் ஒரு அக்காவா?" என்று கேட்டுவிட்டுத் தம்பி கதவைச் சாத்திக்கொண்டான். அவள் வாய்விட்டு அழுதாள். விசிலைக் கழுவிக் கொடியில் மாட்டிவிட்டுத்தான் படுத்தாள்.

அடுத்த வாரம் அவன் அவள் அறை வாசலில் வந்து நின்று, சுவரைப் பார்த்துப் பேசினான்.

"நாளைக்கு மேட்ச். நீதான் ஊதணுமாம். பசங்க சொன்னாங்க, நான் சொல்லல."

"ஏனாம்?"

"சொந்தத் தம்பிக்கே தராதவ, வேற யாருக்கும் ஓசியில கோல் தரமாட்டாளாம்."

"உனக்கு சம்மதமா?"

"உன்கூட நான் பேசல" என்றவன், கொடியிலிருந்த விசிலை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டுப் போனான்.