மாட்டு வண்டிலும் வண்டில் மாடும்

காயப்பட்டவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டி, பிழையிருந்தால் திருத்தி, அதன் பிறகுதான் ஒப்பம் வாங்க வேண்டும். நான் வேலை பார்த்த கந்தோருக்குப் புதிதாக வந்த ஒவ்வொரு எழுதுவினைஞருக்கும் முதல் நாளே இதைச் சொல்லுவேன். இளைப்பாறும் வரை சொன்னேன். எனக்கே அது தேவைப்பட்ட காலையில் ஒருவரும் வாசித்துக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

தன்னாமுனைப் பக்கம் வாவிக்கும் வயல் வட்டைக்கும் நடுவே ஒரு மண்கட்டு போகிறது. அறுப்புக் காலம். நான் வழக்கம்போல் அதன்மேல் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். எதிரே நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டில் ஒன்று பின்பக்கத்தைக் காட்டியபடி நின்றது. வண்டில்காரர் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார். என் கண் வாவியில் வலை இழுத்தவர்கள் மேல் இருந்தது.

"ஐயா, கிறுகுங்க! கிறுகுங்க!"

திரும்பச் சொல்கிறார் என்று விளங்கியது. எந்தப் பக்கம் என்று விளங்குவதற்குள், சில்லுக்கு வெளியே நீட்டியிருந்த அச்சில் சைக்கிளின் கைபிடி கொளுவி, நான் சேற்றில் கிடந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. மூக்குக்கண்ணாடி வாவிக்குள் போனது. மாடுகள் இரண்டும் எனக்கு வாலைக் காட்டியபடி அசைபோட்டுக்கொண்டு நின்றன.

வண்டில்காரரே ஆட்டோ பிடித்து என்னை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார். பதிவு மேசையில் இருந்தவர், எச்சில் தொட்டுப் படிவம் புரட்டினார்.

"என்ன சேர் நடந்த?"

"மாட்டு வண்டிலில அடிபட்டுட்டன்."

"றோட்டிலயா?"

"இல்ல, கட்டில."

"கட்டிலால விழுந்தா சேர்?"

"வாவிக் கட்டு தம்பி! மண்கட்டு!"

படிவத்தில் வீதி விபத்து, விழுதல், விலங்கு என்று மூன்று கட்டங்கள். 'வேறு' என்று நாலாவதும் இருந்தது. அதை நிரப்பினால் பொறுப்பதிகாரியின் ஒப்பத்துக்கு மாடி ஏற வேண்டும். அவர் ஏறவில்லை. "மாடெண்டா விலங்குதானே" என்று முணுமுணுத்து எழுதி, மையும் தேநீரும் படிந்த விரலால் ஓரிடத்தைக் காட்டினார். கண்ணாடி இல்லாமல், இடது கையால், அங்கே கீறினேன்.

'வண்டில் மாடு முட்டியது' என்று எழுதியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. சொல் இரண்டும் நான் சொன்னவைதான், இடம் மாறியிருந்தன.

விலங்குக் காயம் என்றபடியால், எலும்பைப் பார்க்கும் முன் என்னை நாய் கடித்தவர்களின் வாங்கில் இருத்தினார்கள். பக்கத்தில் இருந்த ஓர் அம்மா காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஐயாவுக்கு எங்க கடிச்ச?"

"மணிக்கட்டில."

"நாயா?"

"வண்டில்."

அவர் சற்று விலகி இருந்துகொண்டார்.

ஒரு கிழமை கழித்து வண்டில்காரர் என் வீட்டுக்கு வந்தார். படிவத்தின் பிரதி உள்ளூர்ச் சபைக்குப் போயிருக்கிறது. முட்டும் மாட்டை விசாரணை முடியும்வரை கட்டி வைக்க வேண்டும், பொதுவழியில் கொண்டுவரக் கூடாது என்று அறிவித்தல் கொடுத்திருக்கிறார்கள்.

"ரெண்டில எந்த மாடெண்டு அவங்களுக்கு எப்பிடித் தெரிஞ்ச?"

"கொம்பு பெரிசானதக் காட்டெண்டாங்க. காட்டினன். ஒத்தை மாட்டால வண்டில் இழுக்க ஒண்ணா ஐயா. அறுப்பு முடியிறதுக்கிடையில ஒரு கடதாசி எழுதித் தாங்களன். கந்தோர்ப் பாசை உங்களுக்குத்தானே வரும்."

வரும்தான். இடது கையால் எழுதினேன். உரிய அதிகாரி ஊடாக, பிரதிகளுடன், பதிவுத் தபாலில். நேரிலும் போனேன். வைத்தியசாலை பதிவைத் திருத்தினால் அடுத்த நிமிடமே மாட்டை விடுவோம் என்றார்கள் சபையில். வைத்தியசாலையில் அதே பதிவு மேசைக்காரர் படிவத்தை எடுத்து, என் கீறலைக் காட்டினார்.

"ஒப்பம் உங்கடதானே சேர்?"

இதே கேள்வியை, இதே குரலில், எத்தனை பேரிடம் நான் கேட்டிருக்கிறேன். வாசித்துக் காட்டச் சொல்லிக் கற்பித்தவனும் நான்தான். வாசிக்காமல் கீறியவனின் வாயை ஒப்பத்தைக் காட்டி அடைத்தவனும் நான்தான். வெளியே வந்து குழாயடியில் வாயைக் கொப்பளித்தேன். அருவருப்பு அடங்கவில்லை.

வட்டையில் மிச்ச மூட்டைகளை உழவு மெசின் இழுத்து முடித்தது. என் கையில் போட்டிருந்த கட்டை வெட்டி எடுத்தார்கள். சித்திரை வருடப் பிறப்பும் வந்து போனது. அதன் பிறகு வைத்தியசாலையிலிருந்து பதில் வந்தது: விண்ணப்பம் ஏற்கப்பட்டது; 'வண்டில் மாடு' என்பதை 'மாட்டு வண்டில்' என வாசிக்கவும்.

கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். கொம்பு பெரிய மாடு நிழலில் கொழுத்துப் படுத்திருந்தது.

"அப்ப மாடு இப்ப வண்டிலாகிட்டுது," என்றார் வண்டில்காரர். சிரிக்கவில்லை. "எப்ப ஐயா ஒப்பம் வச்சிருக்காங்க?"

கடிதத்தின் தலையில் பெப்ரவரி இருபத்தாறு என்றிருந்தது. அன்று வட்டையில் பாதி மூட்டை இழுபடாமல் கிடந்தது. என் கையில் அது கிடைத்தது ஏப்ரல் பதினேழு.