தூண்களைக் கணக்கில் சேர்க்காதவள்

ஆம்பூரில் இன்பம் என்ற பெண்ணைத் தெரிந்தவர்கள் அவளைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் சொல்வார்கள். லிஃப்டில் ஏறமாட்டாள். துணிக்கடையில் உடை மாற்றிப் பார்க்கும் சின்ன அறைக்குள் போனால் கதவை முழுக்கச் சாத்தமாட்டாள், அம்மா வெளியே நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். அப்பா தேவானந்தம் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் இருந்தார். மகள் நிலவியல் படிக்கப் போகிறேன் என்றபோது, "அது மண்ணுக்குள்ள போற படிப்பாச்சேம்மா" என்று கேட்டார். இல்லை என்று இன்பம் அடித்துச் சொன்னாள். கல்லூரியில் சேருவதற்கு முன் ஏலகிரி மலைப்பாதையின் வளைவுகளில் மாணவர்கள் வெயிலில் நின்று பாறையைத் தட்டிப் பார்ப்பதை அவள் கண்டிருந்தாள். திறந்த வானத்துக்குக் கீழே செய்கிற வேலை என்று நம்பித்தான் அதில் சேர்ந்தாள்.

நம்பியது வெகுகாலம் பொய்க்கவுமில்லை. வேலூரில் ஒரு சின்ன ஆலோசனை நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கல் குவாரிக்காரர்களும் சுரங்கக் குத்தகைக்காரர்களும் அங்கே வருவார்கள். தங்கள் நிலத்தடியில் எவ்வளவு கல் இருக்கிறது, அதில் எவ்வளவு எடுக்கலாம் என்று மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும். வேலை புரியாதவர்களுக்கு இன்பம் சுருக்கமாகச் சொல்வாள். நிலத்தடியில் இருப்பதாக நம்பத் தகுந்தது எல்லாம் வளம். அதில் பத்திரமாகவும் கட்டுப்படியாகவும் வெளியே கொண்டுவர முடிந்தது மட்டும் இருப்பு. முதலாளிகளுக்கு இந்த வித்தியாசம் பிடிக்காது. ஆனால் அறிக்கையின் கடைசியில் மதிப்பிட்டவர் தன் பெயரில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தை நம்பி, முன்பின் தெரியாத ஒருவர் பணம் போடுவார். இன்னொருவர் உள்ளே இறங்குவார்.

சுஹேல் அகமதுவின் வேலை வரும்வரை அவள் போனதெல்லாம் திறந்த குவாரிகள்தான்.

சுஹேல் வாணியம்பாடிக்காரர். பரம்பரையாகத் தோல் பதனிடும் தொழில். வெளிநாட்டு ஆர்டர்கள் குறையத் தொடங்கியதும் வேறு வழி தேடி, ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையடிவாரத்தில் வெகுநாளாக மூடிக் கிடந்த ஒரு சுரங்கத்தைக் குத்தகைக்கு எடுத்தார். பேரைட் என்ற வெள்ளைக் கல் சுரங்கம். பெயின்டிலும், எண்ணெய்க் கிணறு தோண்டுகிற இடத்திலும் அந்தக் கல்லைப் பயன்படுத்துவார்கள். பார்க்கச் சாதாரணமாக இருக்கும், தூக்கினால் கை இறங்கும். சென்னைக் கம்பெனி ஒன்று கூட்டுச் சேரத் தயாராக இருந்தது. அவர்கள் கேட்டது முறையான இருப்பு அறிக்கை.

"உள்ள பெரிய பெரிய தூணு விட்டு வெச்சிருக்காங்க மேடம்" என்றார் சுஹேல், முதல் சந்திப்பிலேயே. "எல்லாம் ஃபர்ஸ்ட் குவாலிட்டி கல்லு. புதுசா தோண்டக்கூட வேணாம். அத மட்டும் இருப்புல காட்டிட்டீங்கன்னா போதும்."

அந்தத் தூண்கள் எதற்கென்று இன்பத்துக்குத் தெரியும். பழைய காலத்தில் கல்லை எடுத்தவர்கள், மேலே இருக்கும் மலை இறங்காமல் இருக்க இடையிடையே வெட்டாமல் விட்டுப்போன கல் அது. இருந்தாலும் பார்க்காமல் எதையும் சொல்லக்கூடாது. பார்க்க உள்ளே போக வேண்டும்.

மேஸ்திரி கன்னியப்பன் முன்னால் நடந்தார். சாய்வாக இறங்கும் பாதை. வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு திருப்பத்தில் இல்லாமல் போயிற்று. இன்பத்தின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஹெல்மெட் விளக்கு காட்டிய வட்டத்தைத் தவிர உலகமே கிடையாது. ஈரக்காற்று முகத்தில் துணி போட்டது போல் படிந்தது. மூச்சை எண்ணி எண்ணி விட்டாள். சுத்தியலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், கை நடுங்குவது தெரியக்கூடாது என்று.

"இன்னா மேடம், முடியலன்னா திரும்பிடலாமா?"

"இல்லண்ணே. நடங்க."

தூண்கள் இருந்த கூடத்துக்கு வந்தார்கள். பழைய வரைபடத்தை விரித்து ஒவ்வொரு தூணாக டேப் வைத்து அளந்தாள். முதல் தூண் வரைபடத்தில் இருந்ததைவிட ஒல்லியாக இருந்தது. பழைய அளவு தப்பாக இருக்கலாம் என்று நினைத்தாள். அடுத்ததும் ஒல்லி. அதற்கடுத்த தூணின் இடுப்பு, கடித்து வைத்த கொய்யா மாதிரி உள்வாங்கியிருந்தது. வெட்டிய பக்கம் புதிதாக, வெள்ளை வெளேரென்று மின்னியது.

"இது எப்ப வெட்டினது?"

கன்னியப்பன் விளக்கை வேறு பக்கம் திருப்பினார். "பார்ட்டிங்களுக்கு சாம்பிள் லோடு அனுப்பணும்னாரு பாய். ஓரமாத்தான் சீவினோம். இத்தினி வருசமா நின்னுக்கினு கீது மேடம், இன்னா ஆவப்போவுது?"

இன்பம் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். தூணிலிருந்து தூணுக்கு ஒரு விரிசல் ஓடியது. சுத்தியலின் பின்புறத்தால் தட்டினாள். கெட்டியான பாறை கணீரென்று பதில் சொல்லும். இங்கே வெறும் பானையைத் தட்டினது போல் சத்தம் வந்தது. மேலே ஓர் அடுக்கு தாய்ப்பாறையை விட்டுப் பிரிந்து நிற்கிறது என்று அர்த்தம். அவள் உடம்பு முழுக்க வெளியே ஓடு என்று கத்தியது. ஓடவில்லை. உள் கூடத்தில் ஆட்கள் சிலர் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பாடிக்கொண்டிருந்தது கேட்டது.

மறுநாள் வாணியம்பாடியில் சுஹேலின் ஆபீஸுக்குப் போய்ச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். டீ வரவழைத்தார். பிறகு, "மேஸ்திரி சொன்னாரு, உள்ள போனதுலேர்ந்து உங்களுக்கு வேர்த்து ஊத்திச்சாம்" என்றார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பயத்த ரிப்போர்ட்ல எழுதாதீங்க மேடம். கல்ல எழுதுங்க."

அந்த வார்த்தை அவளோடு பஸ் ஏறி வீடுவரைக்கும் வந்தது. ஏனென்றால் அதே சந்தேகம் அவளுக்கும் இருந்தது. துணிக்கடை அறையிலேயே மூச்சு முட்டுகிறவள் நான். எனக்கு எந்தக் கூரைதான் விழுவது போல் தெரியாது? பாறை சொல்வது எது, என் பயம் சொல்வது எது?

கணவன் ஜோவின் ஜோலார்பேட்டையில் ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்தான். "வேற யாராவது ஜியாலஜிஸ்ட்ட அனுப்பச் சொல்லேன்" என்றான்.

"பயப்படாத ஆளு வந்தா, தூண அளந்து இருப்புல சேர்த்துட்டுப் போயிடுவாங்க ஜோவின்."

"அதுக்கு நீ போய்ச் சாவணுமா?"

அடுத்த தடவை போகும்போது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு போனாள். விரிசலுக்குக் குறுக்கே, கைக்கெட்டிய இடங்களில் எல்லாம் அதைக் குழைத்து அடை போல் அப்பினாள். காய்ந்தால் அது கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பாறை மயிரிழை அசைந்தாலும் உடையும். அசையாவிட்டால் அப்படியே இருக்கும். உடையாமல் இருந்தால் தன் பயம்தான் பொய் என்று ஒப்புக்கொள்வது, சுஹேலிடம் மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்துகொண்டாள். உடையக்கூடாது என்று ஞாயிறு ஆராதனையில் ஜெபமும் செய்தாள்.

அடுத்த வாரம் போய் விளக்கை உயர்த்தினாள். கூடத்தின் வாசலுக்குப் பக்கத்தில் இருந்த முதல் அடையின் நடுவே ஒரு கோடு. அடுத்ததும் பிளந்திருந்தது. உள்ளே போகப் போக, பிளவுக்குள் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. கடைசி அடை கூரையில் இல்லை. கீழே இரண்டு துண்டாகக் கிடந்தது.

கை நடுக்கம் சட்டென்று நின்றுபோனதை அவள் கவனித்தாள். அது இன்னும் பயமாக இருந்தது.

"அண்ணே, எல்லாரையும் வெளிய கூப்பிடுங்க."

கன்னியப்பன் தயங்கினார். "பாதி லோடுல நிறுத்தினா பாய்க்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். சத்தம் போடாம கூப்பிடுங்க. இப்பவே."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போனார். ஆட்கள் கூடைகளை விட்டுவிட்டு வந்தார்கள். கடைசி ஆள் கடந்து போகும்வரை அவள் தூணின் பக்கத்திலேயே நின்றாள். தூணிலிருந்து சில்லுகள் உதிர்ந்து தோளில் விழுந்துகொண்டிருந்தன.

வெளியே வெயில். எல்லாரும் புங்கமரத்தடியில் உட்கார்ந்து சுரங்க வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் விழவில்லை. பீடி பற்றவைத்தார்கள். ஒன்றும் விழவில்லை. யாரோ சிரித்தார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டி சுஹேலின் கார் வந்து நின்றது.

"இன்னா மேடம், விழுந்துச்சா?"

"இல்ல சார்."

"ஒரு நாள் வேல போச்சு. இவங்களுக்குக் கூலி குடுத்தாவணும். பேஜாரா கீது எனக்கு."

இன்பம் எழுந்தாள். "வாங்க சார். உள்ள வரைக்கும் வேணாம். மொதல் தூண் வரைக்கும் மட்டும் வந்து பாருங்க."

இரண்டு பேரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். அவள் உடைந்த அடையைக் காட்டினாள். அவர் தொட்டுப் பார்த்தார். "காய்ஞ்சா வெடிக்கத்தானே செய்யும்" என்றார்.

"கொஞ்சம் பேசாம நில்லுங்க சார்."

நின்றார்கள். முதலில் எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்தான். அப்புறம், சட்டியில் நெல் பொரிவது போல மெல்லிய சத்தம். இருட்டின் உள்பக்கத்திலிருந்து, ஒவ்வொரு தூணிலிருந்தும். சுஹேலின் ஷூ மேல் சில்லு ஒன்று விழுந்து தெறித்தது. பின்னாலேயே ஒரு கைப்பிடி. ஆழத்தில் எதுவோ கனமாக முனகியது, மாட்டு வண்டி அச்சு திரும்புவது மாதிரி. அவர் அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்ததே அவருக்குத் தெரிந்திருக்காது.

"போலாம்மா" என்றார். "போலாம், போலாம்."

அன்றைக்கே சுரங்க வாயில் முள்கம்பி கட்டப்பட்டது.

இன்பம் அறிக்கையை எழுதினாள். தூண்களில் இருந்த கல்லை வளம் என்ற தலைப்பில் மறைக்காமல் முழுக்கக் காட்டினாள். இருப்பில் அதிலிருந்து ஒரு கூடைகூடச் சேர்க்கவில்லை. எடுக்க முடியாத காரணத்தையும், தூண்கள் வெட்டப்பட்டதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சுரங்கப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் தகவல் போயிற்று. சென்னைக் கம்பெனி பின்வாங்கியது. சுஹேல் அவள் போனை எடுப்பதை நிறுத்தினார். ஆட்கள் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் பிரிந்து போனார்கள். ஒருநாள் ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் கன்னியப்பன் அவளைப் பார்த்தும் பார்க்காதது போல் போய்விட்டார்.

கூரை மட்டும் விழவில்லை. மாதங்கள் போயின. ஆபீஸில் ஒருவர், "உங்க மலை இன்னும் நின்னுட்டுதான் இருக்கா இன்பம்?" என்று வேடிக்கையாகக் கேட்டார். அவளும் சிரித்து வைத்தாள்.

ஐப்பசி மழையில் ஒரு காலை வேளையில் கன்னியப்பன் போன் செய்தார்.

"மேடம், எறங்கிடுச்சு. மேல ஆடு மேயற எடம் பூரா கிண்ணி மாதிரி உள்ள போயிடுச்சு. மூணு ஆடு போச்சு. ஆளு யாரும் இல்ல."

"நல்லாப் பார்த்தாங்களாண்ணே? யாரும் இல்லையா?"

"இல்ல மேடம். ஊரு ஜனத்த பூரா எண்ணிட்டோம்." கொஞ்சம் பொறுத்து, "நாங்க கல்லு ஒடைச்ச எடம், அது சரியா அந்த எடம்" என்றார்.

போனை வைத்தபின் இன்பம் ஆபீஸுக்குக் கிளம்பவில்லை. வீட்டில் ஜோவின், "நீ சொன்னது சரியாப் போச்சு, அப்புறம் ஏன் இப்டி இருக்க?" என்று கேட்டான்.

"இத்தனை மாசமா தினம் அது விழணும்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றாள் அவள். "விழுந்தாத்தான் நான் பொய் சொல்லலன்னு ஆகும்னு. மேல யாராவது ஆடு மேய்ப்பாங்கன்னு ஒரு நாள்கூட எனக்குத் தோணல. மேல அந்த இடத்தச் சுத்தி ஒரு கயிறு கட்டச் சொல்லியிருக்கலாம். என்னப் பாத்தா எனக்கே பயமா இருக்கு ஜோவின்."

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

இன்பம் வேலையை விடவில்லை. பொங்கல் கழிந்ததும் ஆந்திர எல்லைப் பக்கம் இன்னொரு பழைய சுரங்கத்துக்குக் கூப்பிட்டார்கள். வரைபடத்தைக் கையில் கொடுத்த முதலாளியிடம் அவள் முதலில் கேட்டது கல்லைப் பற்றி அல்ல. "இதுக்கு மேல தரையில யாரு இருக்காங்க?" என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. அவள் அன்று முழுக்க மலைமேல் நடந்து, ஒவ்வொரு குடிசை வாசலிலும் நின்று விசாரித்துவிட்டு, மறுநாள்தான் உள்ளே இறங்கினாள். இறங்கும்போது வழக்கம்போல் நாக்கு ஒட்டிக்கொண்டது.