மூன்று பம்பு ஏற்றிய படகு

படகுத்துறையில் அவருக்கு ‘ஸ்பேர் அண்ணன்’ என்று பெயர். முப்பது வருஷம் லேத் பட்டறையில் அடுத்தவர் இயந்திரங்களுக்கு உயிர் கொடுத்தவர். பழைய பாய்மரப் படகு ஒன்று சொந்தமானதும் பெற்ற பிள்ளையைப் போலச் சீராட்டினார். அடிப்பாகத்தைச் சுரண்டிப் பாசி ஒட்டாத பெயின்ட் அடித்தார். பாய்க்கயிறுகளை மாற்றினார். சுக்கானுக்குத் தானே புது அச்சு கடைந்து போட்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மனைவிக்கு, படாத பாடுபட்டு, ஒரு வருஷ விடுப்பு கிடைத்திருந்தது. காற்று திசை மாறுவதற்குள் கிளம்பினால் தீவு தீவாகச் சுற்றிவரலாம். தவறவிட்டால் அப்படியொரு விடுப்பு இனி ஜென்மத்துக்கும் கிடைக்காது.

அண்ணன் கிளம்பினால்தானே? நாளுக்கொரு சாமான் படகில் ஏறியது. ஒன்று போதும் என்ற இடத்தில் மூன்று. எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் பம்புகூட, உதிரியாக இல்லாமல் முழுசாகக் கோத்தபடி, எஞ்சினில் இருந்ததோடு சேர்த்து மூன்று. படகு நிறைமாதக்காரி போல அமிழ்ந்து, தண்ணீர் எதுவரை நிற்கலாம் என்று காட்டும் சிவப்புக் கோடே முழுகிவிட்டது. அண்ணன் அசரவில்லை. ரப்பர் தோணியில் உட்கார்ந்து, கோட்டை நாலு விரற்கடை உயர்த்தி வரைய ஆரம்பித்தார்.

வேலை முடிந்து வந்த மனைவி கரையிலிருந்து பார்த்தாள்.

“ஏங்க, தெர்மாமீட்டர்ல கோட்டை மாத்திப் போட்டா காய்ச்சல் இறங்கிடுமா?”

பக்கத்துப் படகுக்காரர் சிரித்த சிரிப்பில் அண்ணன் கையிலிருந்த பிரஷ் தண்ணீருக்குள் போனது.

எதை இறக்குவது என்று இருவரும் கேபினில் உட்கார்ந்து பேசினார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர், பம்பு என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் விடாமல் கேட்டதும் சொன்னார்:

“எனக்கு ஒரு பம்பே போதும்மா. நடுக்கடல்ல நான் படுத்துட்டா நீ ஒத்தையில என்ன பண்ணுவ? பழசைக் கழட்டிப் போட்டுட்டு இதை அப்படியே மாட்டி நாலு போல்ட் முடுக்கினாப் போதும்னுதான்...”

அவள் கருவிப் பெட்டியை இழுத்து வைத்தாள். பிறகு அவரைக் கைகட்டி, வாய்பொத்தி உட்காரச் சொன்னாள். எஞ்சின் மூடியைத் தூக்கினாள். கடல்தண்ணீர் வரும் வால்வை மூடினாள். பம்பைத் திறந்து, தண்ணீரைத் தள்ளும் தேய்ந்த ரப்பர் சக்கரத்தை உருவி, புதியதைப் பொருத்தினாள். ஸ்குரூ ஒன்று எஞ்சினுக்குக் கீழே படகின் அடிக்குழியில் விழுந்தது. அவர் பாதி எழுந்தார். அவள் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார். காந்தத்தைக் கயிற்றில் கட்டி அவளே அதை எடுத்தாள். வால்வைத் திறந்து எஞ்சினை முடுக்கியதும் பின்புறம் தண்ணீர் பொளபொளவென்று கொட்டியது.

“எங்க கத்துக்கிட்ட?”

“நீங்க இதை நூறு தடவை கழட்டி மாட்டுனப்ப டார்ச் பிடிச்சது யாரு? கண்ணை மூடிக்கிட்டா பிடிச்சேன்?”

ஊரெல்லாம் தன் கையை நம்பியிருக்க, தனக்கும் நம்புவதற்கு ஒரு கை இத்தனை காலமாகப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது என்று நினைக்க நினைக்க அண்ணனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. மறுநாள் உபரி பம்புகள் இரண்டையும் அவரே தோளில் சுமந்து இறக்கினார்.

காற்று மாறும் முன்பே கிளம்பிவிட்டார்கள். துறைமுக வாயைத் தாண்டியதும் சுக்கானை அவளிடம் கொடுத்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் சத்தத்துக்குக் காது கொடுக்காமல், முதல்முறையாகக் காலை நீட்டித் தூங்கிப்போனார்.