மூன்றாவது கோட்டை மறைத்த சந்தனம்

முருகனை நம்பும் உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. போன வைகாசியில் நடந்தது. இன்றும் கார் ஓட்டும்போது என் கண் வெப்பம் காட்டும் முள்ளிலேயே நிற்கிறது. "ரோட்டைப் பாருங்கோ" என்று மனைவி சுகந்தி ஏசுகிறாள்.

நான் லண்டன் மோர்டனில் மின்வேலை செய்பவன். ஒரு பழைய நாலு இருக்கை விமானத்தில் எனக்கும் பங்கு உண்டு; லீவு நாட்களில் நானே ஓட்டுவேன். அதன் எஞ்சினில் நாலு சிலிண்டர். வெப்பம் காட்டும் முள்ளோ ஒன்றே ஒன்று; அதுவும் இரண்டாவது சிலிண்டரை மட்டும்தான் பார்க்கும். மற்ற மூன்றும் எப்பாடு படுகின்றன என்று யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு என்னை அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் மற்றப் பங்காளிகளோடு சண்டை பிடித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் கோடு காட்டும் சின்னத் திரை ஒன்றைப் பூட்டுவித்தேன்.

அதன்பின் முதல் பயணம். கண்ணூறு கழிய, சுகந்தி விமானத்தின் சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்தாள். சந்தனத்தைக் குழைத்து அந்தப் புதுத் திரையிலேயே பெரிய பொட்டாக வைத்தாள். மூன்றாவது கோடு முழுக்க மறைந்துவிட்டது.

"கொஞ்சம் தள்ளி வைச்சிருக்கலாமே?"

"பொட்டு நெத்தியிலதான் வைக்கிறது" என்றாள். நான் எஞ்சினை முடுக்கினேன்.

தேம்ஸ் கடலோடு கலக்கும் இடத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தோம். கீழே சாம்பல் நிறத் தண்ணீர். திரையின் மூலையில், ஏதாவது ஒரு சிலிண்டரில் சூடு மிஞ்சினால் எரியும் சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கியது. உடனே கரைப்பக்கம் திருப்பினேன். ஆனால் பழைய முள் ஒழுங்காக நின்றது. சத்தத்தில் குறை இல்லை. தெரிந்த மூன்று கோடுகளும் சமமாகவே இருந்தன. முழு வேகத்தில் ஓடினால் கெதியில் கரை வரும். சூடு உண்மையென்றால் எஞ்சின் வழியிலேயே நின்றுவிடும். வேகத்தைக் குறைத்தால் உயரம் குறையும், கீழே தண்ணீர். எதைச் செய்வது?

"என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"அந்தப் பொட்டைத் துடைக்க ஏலுமே?"

"பொட்டை அழிக்கிறதோ? உங்களுக்கென்ன விசரே?" அவள் கை தன் நெற்றிக்குப் போனது.

நானே துடைத்திருக்கலாம். கை எழவில்லை. தண்ணீருக்கு மேலே, மனைவி பக்கத்தில் இருக்க, அவள் வைத்த பொட்டை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் மகள் எங்கள் வரவைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். பயத்தில் வாய்விட்டே கேட்டேன்: "முருகா, பிள்ளையைத் தனிய விட்டிடாதை. உள்ளதைக் காட்டு." சுகந்தி என் தோளை இறுக்கிப் பிடித்து "முருகா" என்றாள்.

காய்ந்த சந்தனம் ஓரத்தில் வெடித்தது. பிறகு முழுப் பொட்டும் கழன்று என் மடியில் விழுந்தது.

மூன்றாவது கோடு உச்சியில் நின்றது. வேகத்தைக் குறைத்தேன். எஞ்சினின் சூடு தணிய, காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவைக் கூட்டினேன். கோடு மெல்ல மெல்ல இறங்கியது. தாழப் பறந்தே கரையைத் தாண்டி, ஓடுபாதையில் சில்லு படும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சிலிண்டருக்கு எரிபொருள் போகும் துளையில் அழுக்கு அடைத்திருந்ததாம். முழு வேகத்தில் இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் பிஸ்டன் உருகியிருக்கும் என்றார் மெக்கானிக். பழைய முள்ளை நம்பியிருந்தால் கடைசிவரை ஒரு குறையும் தெரிந்திராது.

அதிர்வில் விழுந்தது என்கிறாள் மகள். இருக்கட்டும். புறப்பட்டதிலிருந்து அதிர்ந்துகொண்டுதானே இருந்தது. நான் கூப்பிட்ட பிறகுதான் விழுந்தது. திருவிழாவுக்கு மட்டும் கோயில் வாசலை மிதித்த நான் இப்போது வெள்ளி தவறுவதில்லை. உங்களுக்கும் சொல்கிறேன், தயங்காமல் அவனைக் கூப்பிடுங்கள். அவன் காட்டுவான். காட்டுவதைப் பார்க்கக் கண்ணுக்கு முன்னால் இடம் விட்டு வையுங்கள்.

எஞ்சின் திருத்தி முடிந்து மறுபடி புறப்பட்ட அன்று, சுகந்தி சந்தனக் கிண்ணத்தோடு வந்து ஏறினாள். எனக்குப் பக்கென்றது. விரல் திரைவரை போய் நின்றது. பிறகு திரும்பி என் நெற்றியில் வைத்தாள்.

"பாக்கிறது நீங்கள்தானே" என்றாள்.