கையை எடுக்காமல் பத்து நிமிடம்

டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது எனக்கு அரிப்பு வந்தது. கையிலோ காலிலோ வந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். பெண்களுக்கு மட்டுமே உள்ள இடத்தில் வந்தது. பால் திரிந்தாற்போல் வெள்ளையும் பட்டது.

ஹையரில் வேகத் தாள் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் இரண்டு கையும் மெஷின் மேலேயே இருக்க வேண்டும். "கண்ணு தாள்ல, கை கட்டையில, முதுகு நேரா" என்று இன்ஸ்டிட்யூட் மாஸ்டர் தினமும் ஸ்கேலால் மேசையைத் தட்டிச் சொல்வார். ஒரு கையை ஒரு நொடி எடுத்தால் அரை வரி போய்விடும். நானோ ஒரு நிமிடத்துக்கு ஒரு தரம் ஸ்டூலில் இப்படியும் அப்படியும் நகர்ந்துகொண்டிருந்தேன்.

பாஸ் செய்தால் கோர்ட்டுப் பக்கம் ஒரு வக்கீல் ஆபீசில் எனக்கு நாற்காலி காத்திருந்தது. அப்பாவும் அவருடைய அப்பாவும் ஆட்டுக்குப் பின்னால் நடந்தே காலம் கழித்தவர்கள். எங்கள் வீட்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்கப்போகும் முதல் ஆள் நான். அந்த நேரம் பார்த்து என்னால் உட்கார முடியவில்லை.

நான் கலங்கவில்லை. பி.யூ.சி. படித்தவள். எங்கள் தெருவில் மாத்திரை அட்டையில் இருக்கும் இங்கிலீஷைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எதிர்வீட்டு அத்தை எந்த மருந்து வாங்கினாலும் என்னிடம் காட்டிவிட்டுத்தான் விழுங்குவாள். அதற்கு முந்தின வாரம் எனக்குத் தொண்டை கட்டியபோது அவள் மிச்சம் வைத்திருந்த கேப்சூல்களை நானே படித்துப் பார்த்து, நானே தீர்மானித்து, நாலு நாள் போட்டுத் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். டாக்டருக்கு ஒரு நடை மிச்சம் என்று பெருமையாகக்கூட இருந்தது.

அரிப்புக்கும் நானே டாக்டர். ஏழாம் வகுப்பு சுகாதாரப் பாடத்தில் அரிப்பு என்றால் கிருமி, கிருமி என்றால் கொல்ல வேண்டும் என்று இருந்தது. தண்ணீரில் விட்டால் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினியை வாங்கிவந்து, காலை மாலை கழுவினேன். இரண்டாம் நாள் அரிப்போடு எரிச்சலும் சேர்ந்தது. கிருமி சாகும்போது கொஞ்சம் துடிக்கும் என்று நினைத்து மூன்று வேளையாக்கினேன்.

மூன்றாம் நாள் அம்மா பிடித்துவிட்டாள்.

"ஏட்டி, ஏன் தாரா வாத்து மாதிரி நடக்க?"

சொன்னேன். அம்மா அதிராமல் கேட்டாள். "சூடுட்டி. நாள்பூரா அந்த மிசினு முன்னால உக்காந்தா சூடு பிடிக்காம என்ன செய்யும்?"

"மிஷின் சுடாதும்மா."

"தடதடன்னு ஓடுது, சுடாதாங்கா. பெரிய படிப்பு."

எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் முதல் வைத்தியம் கோயில் புற்றுமண்தான். படை, சொறி, வேர்க்குரு எல்லாவற்றுக்கும் குழைத்துப் பூசுவோம். ஒரு சிட்டிகை வாயிலும் போடுவோம். அம்மா மஞ்சள் டப்பாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பொட்டலம் வைத்திருப்பாள். அரிப்பு அரிப்புதானே, அது எங்கே வந்தால் என்ன என்பது அவள் கணக்கு. குழைத்துத் தந்தாள். அந்த நிலைமையில் சாணியைத் தந்திருந்தாலும் பூசியிருப்பேன். பூசினேன். மண் காயக் காய, கண்மாய் வெடிப்பதுபோல் வெடித்து இழுத்தது. அன்று இன்ஸ்டிட்யூட்டில் நான் அடித்த தாளைப் பார்த்துவிட்டு மாஸ்டர், "இது எந்த பாஷைம்மா?" என்று கேட்டார்.

அம்மா கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, "எம்பிள்ளைக்குச் சரியானா வெள்ளியில உருவம் வாங்கிப் போடுதேன்" என்று நேர்ந்துகொண்டாள். நோவு வந்த உறுப்பின் உருவத்தை வெள்ளித் தகட்டில் வாங்கி உண்டியலில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

"எந்த உருவம்மா?" என்றேன்.

அம்மா என் நெற்றியில் திருநீற்றை இழுத்துவிட்டாள். "நேந்தாச்சு. பெறகு பாப்போம்" என்றாள்.

பரீட்சைக்கு எட்டு நாள் இருக்கையில் பெருமையை மடித்து வைத்துவிட்டு, ராஜபாளையம் ரோட்டில் இருந்த லேடி டாக்டரிடம் போனேன். அம்மாவும் வந்தாள். டாக்டர் ஐம்பது வயதுக்காரர். நாகர்கோவில் பக்கம்.

"கல்யாணம் ஆயிட்டா?" என்று கேட்டார்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இல்லம்மா. எம்பிள்ள அப்படிப்பட்ட பிள்ள இல்ல."

"எப்படிப்பட்ட பிள்ளைக்கும் இது வரும். சின்னப் பிள்ளைங்க வாயில கூட வெள்ளையா வரும், பாத்திருப்பீங்களே. அதேதான்." பரிசோதித்துவிட்டு என்னைக் கேட்டார். "சமீபத்துல ஏதாவது மாத்திரை சாப்பிட்டியா?"

கேப்சூல் பெயரை நல்ல உச்சரிப்பில் சொன்னேன்.

"யார் குடுத்தா?"

"நானே..."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "கள்ளுப் பொங்குதே, ரொட்டி உப்புதே, எதனால? ஈஸ்ட்டுனு ஒரு பூஞ்சை. அந்த இனத்துல ஒண்ணு எல்லாப் பொம்பளைங்க உடம்புலயும் கொஞ்சம் இருக்கும். கூடவே நல்ல கிருமிகளும் இருந்து அதை அடக்கி வச்சிருக்கும். உன் கேப்சூல் தொண்டைக் கிருமியோட அதுகளையும் சேத்துக் கொன்னுட்டு. காவல்காரன் இல்லாத தோப்பு. பூஞ்சை பொங்கிட்டு. அப்புறம் என்ன செஞ்ச?"

கிருமிநாசினியைச் சொன்னேன்.

"மிச்சம் இருந்த காவல்காரனையும் அடிச்சு வெரட்டிட்ட. அப்புறம்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். மண் கதையையும் நானே சொல்லவேண்டியதாயிற்று. டாக்டர் சிரிக்காமல் இருக்கக் கஷ்டப்பட்டார்.

"அம்மா, நெத்தியில பூசுங்க. கையில பூசுங்க. அங்கன வேண்டாம். சாமி கோவிக்க மாட்டாரு."

கத்தரிப்பூ நிறத்தில் ஒரு மருந்தை அவரே தடவிவிட்டார். ராத்திரி படுக்குமுன் உள்ளே வைக்க மாத்திரை, பதினாலு நாளைக்கு. நாலு நாளில் அரிப்பு நின்றாலும் பதினாலையும் முடிக்க வேண்டும். வெறும் தண்ணீரில் கழுவினால் போதும், சோப்பு கூடாது. உள்ளே நூல் துணிதான் உடுத்த வேண்டும், ஈரத்தோடு இருக்கக் கூடாது. "திரும்பத் திரும்ப வந்தா ஒண்ணுக்குல சக்கரை இருக்கான்னு பாக்கணும். நீயாப் பாக்கக் கூடாது, இங்கன வா" என்றார்.

அன்றிரவு அம்மா ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் பாலுமாக வந்து நின்றாள். விழுங்குகிற மாத்திரை இல்லை என்று மறுபடி விளக்கியதும், பாலை அவளே குடித்துவிட்டுப் போனாள்.

மாத்திரை வேலை செய்தது. ஆனால் அந்தக் கத்தரிப்பூ மருந்து எதில் பட்டாலும் போகவில்லை. கொடியில் காய்ந்த என் உள்பாவாடையை எதிர்வீட்டு அத்தை கண்டுவிட்டாள்.

"என்ன மதினி இது, ஊதாவா?"

"டைப்பு மையி" என்றாள் அம்மா.

அத்தை பாவாடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எதை வச்சுட்டீ டைப்பு அடிக்கிய?"

அம்மா அசரவில்லை. "ஹையர்லாம் அப்படித்தான்."

அத்தை அதற்குமேல் கேட்கவில்லை. படிப்புச் சமாச்சாரம் என்று விட்டுவிட்டாள்.

பரீட்சை எங்கள் ஊரிலேயே ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. அரிப்பு நின்று மூன்று நாள் ஆகியிருந்தது. மணி அடித்ததும் முப்பது மெஷினும் ஆலங்கட்டி மழைபோல் கொட்டின. நான்காம் நிமிடத்தில் எனக்கு அந்த நினைப்பு வந்தது. அரிப்பு வரவில்லை, இப்போது வந்துவிட்டால் என்ற நினைப்பு. நினைத்ததுமே அங்கே ஏதோ ஊர்ந்தது. காவல்காரர்கள் திரும்பி வந்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு, கண் தாளில், கை கட்டையில், முதுகு நேராக அடித்தேன். கடைசி மணி அடித்தபோது தாள் முடிந்து ஒரு வரி கூடுதலாகவும் அடித்திருந்தேன். கையை எடுத்தபிறகுதான் தெரிந்தது, அங்கே ஒன்றுமே இல்லை.

முடிவு வர மாதக்கணக்காகும். சாமி அதுவரை காத்திருக்காது என்று பதினாலாவது மாத்திரை முடிந்த மறுநாளே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கோயில் வாசல் கடைக்குப் போனாள்.

"என்ன வேணும் தாயி?" என்றார் கடைக்கார அண்ணாச்சி. "கை இருக்கு, காலு இருக்கு, கண்ணு, வயிறு, நெஞ்சு, பாம்பு, தேளு."

"வேற என்ன இருக்கு?"

"வீடு இருக்கு, தொட்டிலு இருக்கு."

"வேற?"

"எங்கன நோவுன்னு சொன்னாத்தான எடுத்துத் தர முடியும்?"

நான் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். பின்னால் இரண்டு ஆம்பளைகள் வேறு, வீட்டில் தேள் வராமலிருக்கத் தேள் உருவம் வாங்க நின்றார்கள். அம்மா தட்டில் கிடந்த உறுப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பிறகு ஒரு முடிவுக்கு வந்தாள்.

"ரெண்டு கை குடுங்க அண்ணாச்சி."

"கைக்கு ஒண்ணும் வரலயேம்மா" என்றேன் மெதுவாக.

"பத்து நிமிசம் அங்கன போவாம இருந்துச்சுல்லா? அதைவிட என்ன வேணும்?"

அண்ணாச்சி கைகளைத் துடைத்தபடியே, "பிள்ளைக்குக் கை உளைச்சலா?" என்று விசாரித்தார்.

"டைப்பு அடிக்கா. ஹையர்" என்றாள் அம்மா, பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி.

உண்டியலில் போடுமுன் தகடுகளை வாங்கிப் பார்த்தேன். இரண்டிலும் கட்டைவிரல் சரியாக இருந்தது. வார்த்தைகளுக்கு நடுவே இடம் விட அதுதான் வேண்டும்.