விழுந்தவளைத் திரும்பிப் பார்த்தவர்கள்

என் தங்கைக்கு உயிர் கெட்டி என்று எங்கள் குடும்பம் நம்பியது. பட்டா எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதைப் போல, அதுவும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வீட்டுத் தகவலாக இருந்தது. சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவளுடைய இதய வால்வைக் கெடுத்துவிட்டிருந்தது. பத்தொன்பது வயதில் மதுரையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இன்றைய பொழுது கழிந்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் மருத்துவர். பொழுது கழிந்தது. அடுத்த நாள் அவள் கண்ணைத் திறந்து எலுமிச்சை ஊறுகாய் கேட்டாள். அதன் பிறகு இரண்டு முறை அதே ஆஸ்பத்திரியின் வராந்தாவில் காத்திருந்தோம். இரண்டு முறையும் அவள் வீடு திரும்பினாள்.

முதல் முறை திருச்சுழியிலிருந்து ஒரு வேன் நிறைய உறவினர் வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் தூக்குச்சட்டிகளைத் திறந்து பத்துப் பதினைந்து பேர் இட்டிலி சாப்பிட்டோம்; அழுதுகொண்டேதான் சாப்பிட்டோம். இரண்டாம் முறை ஒரு காரில் அடங்கிவிட்டோம். மூன்றாம் முறை, அப்பா காலமான பிறகு, அம்மாவும் நானும் ஒரு பிளாஸ்க்கும் மட்டும். மல்லாங்கிணற்றிலிருந்து அத்தை போனில் சொன்னாள்: "அவளுக்கு ஒண்ணும் ஆகாதுத்தா. வந்துருவா பாரு. வந்த பெறகு சொல்லுங்க, நான் வாரேன்." அதில் அன்புக்குறைவு எதுவும் இல்லை. அத்தை உண்மையாகவே அப்படி நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தங்கை திருச்சுழியில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். பட்டா, சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை என்று விண்ணப்பம் போட வருகிறவர்களுக்கு நடுவே, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து ஜப்பானியப் படக்கதையான மங்கா ஒன்றைப் படித்துக்கொண்டிருப்பாள். வாரத்துக்கு ஓர் அத்தியாயம் வரும் சாகசக் கதை. அவள் கல்லூரியில் படித்தபோது தொடங்கியது. அவளுக்கு நாற்பது வயதான பிறகும் முடியவில்லை. கடல் முழுதும் வற்றிப்போன ஓர் உலகம். தண்ணீர் எங்கே போயிற்று என்று தேடி, ஒன்பது பேர் இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு கடலின் அடித்தரையில் நடக்கிறார்கள். கையில் வரைபடத்தோடு வரிசையின் கடைசியில் நடந்து வழிகாட்டுபவள் ஒரு பெண்.

ஒருநாள் எம்.ரெட்டியபட்டியிலிருந்து வந்த ஒருவர், தன் விண்ணப்பம் ஏறும்வரை காத்திருந்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா படம் அது?"

"ஒம்பது பேரு தண்ணி தேடிப் போறாகண்ணே."

"கெடச்சிச்சா?"

"இருவது வருசமாத் தேடுறாக."

"அப்ப நம்ம பக்கத்து ஆளுகதான்," என்றார் அவர். அந்த மாதம் முழுவதும் தங்கை இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

நான் அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டு அங்கேயே வாடகைக்கு இருந்தேன். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி அரை மணி நேரத்தில் அவளுடைய கடைக்கு வந்துவிடுவேன். அந்த மங்காவின் அச்சடித்த பக்கங்களை முதன்முதலில் அவள் என்னிடம் கொடுத்தபோது, அவற்றை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் பழகிய வழியில் இடமிருந்து படித்தேன். அதனால் வழிகாட்டிப் பெண் முதலில் பள்ளத்திலிருந்து ஏறி வந்தாள், பிறகு விழுந்தாள். கதை சுவாரசியமாக இல்லை என்று அவளிடம் சொன்னேன். விஷயம் புரிந்ததும் அவள் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "முழுகுறதுக்கு முந்தியே கரையேத்திட்டியேக்கா!"

சரியான திசையில் படித்த பிறகும் என் கருத்து பெரிதாக மாறவில்லை. தொடக்க அத்தியாயங்களில் அந்தப் பெண் விழுந்தபோது எனக்கும் நெஞ்சு பதறியது உண்மை. ஆனால் அவள் பத்தாவது முறை விழுந்தபோது நான் பக்கங்களை வேகமாகத் தள்ளினேன். ஒரு சனிக்கிழமை தங்கை போனைப் பார்த்துக்கொண்டே வாயைப் பொத்தினாள்.

"என்னடி?"

"விழுந்துட்டாக்கா."

"போன மாசமும் விழுந்தாளே?"

"அது வேற பள்ளம்."

"பள்ளம் வேற, ஆளு ஒண்ணுதான? அடுத்த வாரம் ஏறி வந்துருவா. வராட்டா கதை நின்னு போயிரும். எழுதுறவருக்கு அது தெரியும், படிக்கிற உனக்கும் தெரியும். பெறகு எதுக்கு இந்தப் பதட்டம்?"

"நீ பேப்பரைத் திருத்துறதுக்கு முந்தியே மார்க்கு போடுற ஆளு," என்றாள். பிறகு போனை என் பக்கம் திருப்பி வைத்தாள். "அவ சாவாளா மாட்டாளான்னா நான் பாக்கேன்? அவ சாக மாட்டான்னு எனக்கும் தெரியும். கயிறு வெடுக்குன்னு இழுபடுதுல்ல, அப்ப யார் யாரு திரும்பிப் பாக்காகன்னு பாரு. ஒவ்வொரு தடவையும் அது மாறும். அதுதான்க்கா கதை."

நான் அதை ஒரு நல்ல சமாளிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டு அருப்புக்கோட்டையில் ஒரு வாசகர் கூட்டத்தில் நெடுந்தொடர்களைப் பற்றிப் பேச அழைத்தார்கள். தங்கையின் மங்காவையே உதாரணமாக எடுத்துக்கொண்டேன். பல ஆண்டுகள் ஓடும் சாகசக் கதையில் உண்மையான பதற்றம் மிஞ்சுமா என்பது கேள்வி. மிஞ்சாது என்பது என் பதில். இரண்டு வாரம் உழைத்துக் கட்டுரையாகவே எழுதிவிட்டேன். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை. அதனால் முந்தின நாள், சனிக்கிழமை, நான் கடைக்குப் போகவில்லை; பிற்பகலில் தங்கை போன் செய்தாள்.

"என் கதையை நாளைக்குத் திட்டப் போறியாமே?"

"திட்டலடி, ஆராய்ச்சி."

"ரெண்டும் ஒண்ணுதான்." சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. "மூச்சு கொஞ்சம் வாங்குதுக்கா. நேத்துல இருந்து மல்லாந்து படுக்க முடியல. அம்மா காருக்குச் சொல்லியிருக்கு. காரியாபட்டி வழியா மதுரைக்குப் போறோம்."

"நான் வரட்டுமா?"

"நாளைக்கு உனக்குப் பேச்சு இருக்குல்ல?"

"ஆமா."

"அப்ப முடிச்சிட்டு வா."

இந்த உரையாடலை நான் எத்தனையோ முறை எனக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. எனக்குப் பேச்சு இருக்கிறதா என்று கேட்டாள், இருக்கிறது என்றேன். அவ்வளவுதான் நடந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்கு நாள் முழுவதும் பஸ் ஓடுகிறது. அன்று மாலை நான் கட்டுரையின் கடைசிப் பத்தியைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

கூட்டத்துக்கு முப்பது பேர் போல வந்திருந்தார்கள். "மரணம் வராது என்று வாசகருக்குத் தெரிந்துவிட்ட கதையில், பள்ளம் என்பது வெறும் படிக்கட்டு" என்று ஒரு வாக்கியம் எழுதி வைத்திருந்தேன். அதைச் சொன்னபோது கை தட்டினார்கள். போன் பைக்குள், ஓசை அடக்கப்பட்டுக் கிடந்தது. தேநீர் குடித்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். அம்மாவிடமிருந்து ஆறு அழைப்புகள்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அதே ஆஸ்பத்திரி, அதே வராந்தா. வேன் நிறைய வந்த இடத்தில் அம்மா ஒருத்தி மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் பையை நகர்த்திப் பக்கத்தில் இடம் விட்டாள்.

"பதினோரு மணி இருக்கும். அக்கா இப்பப் பேச ஆரம்பிச்சிருப்பாளான்னு கேட்டா. ஆரம்பிச்சிருப்பான்னேன். அப்பறம் ஒண்ணும் பேசல." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நல்லாப் பேசுனியாத்தா?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. அம்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

கடையை ஒப்படைத்து, சாமான்களை ஏற்றி, அம்மாவை அருப்புக்கோட்டைக்கு அழைத்து வந்தேன். தங்கையின் போனுக்குப் பூட்டு இருக்கவில்லை. திறந்தால் அந்த மங்காதான் நின்றது. சனிக்கிழமை வந்த அத்தியாயத்தில் பாதி வரை படித்திருந்தாள்.

நான் முதல் அத்தியாயத்திலிருந்து, வலமிருந்து இடமாக, அவசரப்படாமல் படிக்கத் தொடங்கினேன். ஏறக்குறைய ஓர் ஆண்டு பிடித்தது. என் பழைய குறைகளில் சிலவற்றை இன்றும் கைவிட முடியவில்லை. நடுவில் நூறு அத்தியாயங்களை எடுத்துவிட்டாலும் கதைக்கு நட்டமில்லை; சில சண்டைகள் வெறும் இழுவை. ஆனால் தங்கை சொன்னது அங்கே இருந்தது. நான் தள்ளிப்போன பக்கங்களில்தான் இருந்தது. அந்தப் பெண் முதலில் விழுந்தபோது எட்டுப் பேரும் திரும்பிக் கயிற்றைப் பிடிக்கிறார்கள். பல ஆண்டு கழித்து ஓர் இடத்தில் ஐந்து பேர்தான் திரும்புகிறார்கள். மற்றவர்கள் அவள் எப்படியும் ஏறிவிடுவாள் என்று முன்னால் பார்த்து நடக்கிறார்கள். இன்னோரிடத்தில் குழுவின் சமையல்காரன் மட்டும் திரும்புகிறான். ஓவியர் இதை வார்த்தையில் எங்கும் சொல்லவில்லை. கட்டத்தின் மூலையில், விரலளவு உருவங்களாக வரைந்துவிட்டுப் போகிறார். அவள் ஒவ்வொரு முறையும் உயிரோடுதான் ஏறி வருகிறாள். ஏறி வந்து ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்கிறாள். என் நெஞ்சு இப்போது அடித்துக்கொள்வது அந்தக் கட்டத்தில்தான்.

என் கட்டுரை தவறு. அதை அச்சிடக் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை. தவறு என்று சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்ல முடியாமல் போனபின், மற்றவர்களிடம் திருத்திக்கொள்வதில் பெரிய நிறைவு இல்லை.

புதிய அத்தியாயம் வாரந்தோறும் வருகிறது. சனிக்கிழமை பகலில், அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, படித்ததை அவளுக்குத் தமிழில் சொல்கிறேன். கடல், கயிறு, பள்ளம் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். கடைசியில் அவளுக்கு ஒரே கேள்விதான்.

"அந்த ஒம்பது பேரும் இருக்காகள்ல?"

"இருக்காகம்மா."

அவள் கீரைத் தண்டுகளை முறத்திலிருந்து தட்டிவிட்டு, ஆய்ந்த கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள். இரண்டு பேருக்குச் சமையல். அம்மா இருக்கிறாள், நான் இருக்கிறேன்.