தர்ப்பூசணி பிடித்தவர்

ஆம்பூர் ஸ்டேஷனில், ரயில் பெட்டியின் திறந்த கதவுக்கு எதிரே அவர் கம்பம்போல் நின்றிருந்தார். இமை கொட்டாத முகம். கட்டைவிரல் மட்டும் எதையோ உருட்டிக்கொண்டே இருந்தது.

“எனக்கும் இந்த வண்டிதான், ஏறுங்க,” என்று தோளைத் தள்ளினேன்.

“தள்ளாதீங்க ஐயா, உழுந்துடுவேன்,” என்றார் மெல்லிய குரலில். “காட்பாடி போவணும். தூக்கக் காய்ச்சல் வந்து போனதுலர்ந்து மூள சொல்றத காலு கேக்கல. ஆனா நான் வேல பாக்குற தோல் மண்டியில யாராவது தோலை வீசுனா, ஒடம்பு தானா ஓடிப் புடிச்சிடும். உங்க கையில இன்னா இருக்கு?”

“தர்ப்பூசணி.”

“கதவாண்ட வீசுங்க!”

மாமியார் வீட்டுக்கு வாங்கிய பழம். கார்டு விசில் ஊதிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு வீசினேன். மனிதர் ஒரே தாவலில் படியேறி, அந்தரத்திலேயே அதைப் பிடித்துவிட்டார்! பெட்டியே கைதட்டியது. நானும் சிரித்துக்கொண்டே கைதட்டினேன். வண்டி நகர்ந்தது.

“ஐயா! நீங்க ஏன் கட்டையாட்டம் நிக்கிறீங்க?” என்று அசையாத முகத்தோடு கத்திக்கொண்டே போனார்.

பழம் போனால் போகட்டும். காட்பாடியில் அவரை இறக்க யார் எதை வீசினார்களோ!